சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவமும் சமூக உதவியும் ஒரே இடத்தில் கிடைக்குமா?

கேள்வியின் சாரம் இது: கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் தம் தங்கை கணவர் இரண்டு மாதங்களாக முதுகுவலியால் அவதிப்படுகிறார், விடுதி அருகிலுள்ள மருத்துவ நிலையம், மருத்துவமனை, கம்பெனி அலுவலகம், மனிதவள அமைச்சு, ஒரு தொண்டு அமைப்பு என்று ஐந்து படிகள் ஏறி இறங்கியும், முழுக் கதையையும் ஒரே இடத்தில் கேட்பார் இல்லை. இவற்றையெல்லாம் ஏன் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

சேர்க்கலாம். பாதி சேர்ந்தும் இருக்கிறது. மீதிப் பாதி ஏன் சேரவில்லை என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வார நாள்களில் என் பிழைப்பே சமூகப் பணிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஆண்டுகளாகத் தமிழ் ஊழியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொண்டூழியம் செய்து வருகிறேன். கீழே சொல்பவற்றில் சட்டமும் கணக்கும் அரசாங்கத்தினுடையவை, அபிப்பிராயம் என்னுடையது.

வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு நோய் என்பது உடம்போடு நின்றுவிடுவதில்லை. முதுகு பிடித்துக்கொண்டால் வேலை நிற்கும். வேலை நின்றால் ஓவர்டைம் போகும். ஓவர்டைம் போனால் ஊரில் ஏஜெண்டுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாது. அதற்கும் மேலாக, “முடியவில்லை என்று சொன்னால் பெர்மிட்டை கேன்சல் செய்துவிடுவார்களோ” என்ற பயம் எப்போதும் அடிவயிற்றில் கிடக்கும். அதனால் முதுகைப் பார்க்கும் மருத்துவர் கடனைப் பற்றிக் கேட்காவிட்டால், அந்த முதுகு ஏன் குணமாகவில்லை என்பதே அவருக்குப் புரியாது. ஓய்வெடுக்கச் சொல்லி மூன்று நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்தால், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளே லாரியேறும் ஆள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமும் மற்ற உதவிகளும் ஒரே வாசல் வழியாக வந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. 2020 ஏப்ரலில் விடுதிகளுக்குள் கொவிட்-19 பரவியபோது, கதவுகள் அடைக்கப்பட்ட அந்த மாதங்களில், மருத்துவக் குழு, மூன்று வேளைச் சாப்பாடு, கைப்பேசிக்கான சிம் அட்டை, ஊருக்குப் பணம் அனுப்பும் வழி எல்லாம் விடுதி வாசலிலேயே வந்து சேர்ந்தன. அந்த ஆண்டு இறுதியில் வெளியான கணக்குப்படி, விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அடைத்துவைத்த துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேண்டுமென்றால் இந்த ஊரில் எல்லாவற்றையும் ஒரே வாசலுக்குக் கொண்டுவர முடியும் என்பது அப்போது நிரூபணமானது. ஊழியர் மனநலத்துக்காக மனிதவள அமைச்சும் மனநலக் கழகமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து இயங்கும் பணிக்குழுவும் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் உருவானது.

அந்த அனுபவத்திலிருந்து நிலைத்து நின்றது, ஊழியர்கள் ‘பிசிபி’ என்று சொல்லும் அடிப்படை மருத்துவப் பராமரிப்புத் திட்டம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள இத்திட்டத்தில் தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவ நிறுவனம் பொறுப்பாக்கப்பட்டது. விடுதிகளில் தங்குவோருக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை போன்ற செயல்முறைத் துறை ஆகியவற்றில் இருப்போருக்கும் முதலாளி இதை வாங்கியாக வேண்டும். தொடங்கியபோது ஆளுக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை முதலாளி கட்டினார். ஊழியர் ஒவ்வொரு முறை நேரில் போகும்போதும் 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி. முன்பெல்லாம் சளி காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்க்கக்கூட கம்பெனியின் தயவை எதிர்பார்த்திருந்த நிலை இதனால் பெருமளவு மாறியது. நல்ல திட்டம்தான். ஆனால் அது மருத்துவரோடு முடிந்துவிடுகிறது. அதன் எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதற்கு, என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர். முப்பது வயதைத் தாண்டியவர். மருத்துவரின் அறைக்குள் அவரோடு சூப்பர்வைசரும் போயிருந்தார். “என்ன செய்கிறது?” என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, சூப்பர்வைசர் தமிழில் கேட்டார். தம்பி, “செவ்வாக்கிழம கம்பி தூக்கையில வழுக்கி விழுந்துட்டேண்ணே, அதுலேர்ந்து குனிய முடியல, கால் வரைக்கும் இழுக்குது” என்றார். அதை சூப்பர்வைசர் மருத்துவரிடம் “பேக் பெயின்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். கிழமையும் கம்பியும் விழுந்ததும் கால் வரை இழுப்பதும் குறிப்பில் ஏறவில்லை. தடவ ஒரு களிம்பு, வலி மாத்திரை, இரண்டு நாள் ஓய்வு. தம்பி பல வாரம் கழித்து ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்களோடு என்னிடம் வந்து இதை விவரித்தபோது, முதல் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வேலையிடத்தில் அடிபட்டதற்கான ஒரு சொல்கூட அதில் இல்லை.

அந்த ஒரு சொல் இல்லாததால் என்ன ஆகிறது? வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின்போது அடிபட்டவர் யார் மேல் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவு முதலாளியுடையது. வீட்டில் இருந்தபடி எடுக்கும் மருத்துவ விடுப்புக்கு முதல் 14 நாள்களும், மருத்துவமனை விடுப்புக்கு முதல் 60 நாள்களும் முழுச் சம்பளம். அதன்பின் விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. நிரந்தரப் பாதிப்பு இருந்தால் அதற்குத் தனி இழப்பீடு. 2020 செப்டம்பர் முதல், ஒரே ஒரு நாள் விடுப்போ, லைட் டியூட்டி எனும் இலகு வேலையோ கொடுக்கப்பட்டாலும் முதலாளி பத்து நாளுக்குள் அமைச்சிடம் தெரிவித்தாக வேண்டும். இத்தனை உரிமைகளுக்கும் அந்த மருத்துவக் குறிப்பில் உள்ள ஒரு வரிதான் முதல் சாட்சி. சூப்பர்வைசரை வில்லனாக்க நான் விரும்பவில்லை. அவரும் நம் ஆள்தான். வேலை தாமதமானால் அவருக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேலை வாங்குபவரையே மொழிபெயர்ப்பாளராகவும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

அதனால், ஒருங்கிணைப்பு என்று பேசத் தொடங்கும்போதே மொழிபெயர்ப்பாளரை முதலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவரைக் கடைசியில் சேர்க்கும் ஒரு வசதியாக நினைப்பதால்தான் மற்ற இணைப்புகள் எல்லாம் நழுவுகின்றன. மனநலத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். “மன அழுத்தமாக இருக்கிறது” என்று நம் ஊழியர் யாரும் சொல்வதில்லை. “நெஞ்சு படபடங்குது”, “மண்டைக்குள்ள ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு”, “சோறு எறங்கல” என்பார்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் முதலாவதற்கு இதயச் சோதனையும் மூன்றாவதற்கு வயிற்று மாத்திரையும் கிடைக்கும். ஊரைத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால், “வீட்டுல ஏதும் பிரச்சினையா தம்பி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார், மீதி தானாக வெளியே வரும்.

அடுத்தது பணம். வேலை அனுமதியில் இருப்பவரின் மருத்துவச் செலவு சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டு ஊழியருக்கு மானியம் கிடையாது என்பதால் கட்டணம் கனமாக இருக்கும். உயிர்போகும் அவசரத்தில் யாரும் பணத்தைக் கேட்டு நிற்பதில்லை. ஆனால் எம்ஆர்ஐ, தேதி குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சை என்று வரும்போது மருத்துவமனை கம்பெனியிடம், செலவை ஏற்பதாக உத்தரவாதக் கடிதம் கேட்கும். அந்தக் கடிதம் வரும்வரை நோயாளி காத்திருப்பார். கடிதம் ஏன் வரவில்லை என்று மருத்துவருக்குத் தெரியாது. கம்பெனிக்காரர் சொல்ல மாட்டார். ஊழியருக்குக் கேட்கத் தைரியம் இருக்காது. ஒரு மருத்துவக் காரியம் இந்த இடத்தில் முழுக்கச் சமூகக் காரியமாக மாறிவிடுகிறது. ஆனால் அதைத் தம் வேலையாக எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

காப்புறுதி இந்த இடத்தில் மெதுவாக மாறி வருகிறது. 2010 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்த கட்டாய மருத்துவக் காப்புறுதி, 2023 ஜூலை முதல் 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 15,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகையில் நான்கில் மூன்று பங்கைக் காப்புறுதி நிறுவனமும் ஒரு பங்கை முதலாளியும் ஏற்க வேண்டும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த இரண்டாம் கட்டத்தில், காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் முறையும், எவற்றுக்கெல்லாம் காப்புறுதி கிடையாது என்ற விதிவிலக்குகளை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ளும் முறையும் வந்தன. படிக்கச் சுவையற்ற செய்தி இது. ஆனாலும் ஒருங்கிணைப்பு பற்றி ஹோட்டல் அரங்குகளில் நடக்கும் பத்துக் கருத்தரங்குகளைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பேன். ஏனென்றால் பணம் கம்பெனி மேசையைச் சுற்றாமல் போகத் தொடங்கினால், நோயாளியும் அந்த மேசையின் முன் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்காது.

ஒரு சிங்கப்பூரருக்கு இதே முதுகுவலி வந்தால் என்ன நடக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அவரோடு உட்கார்ந்து பேசுவார். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, அதுவும் போதாவிட்டால் மெடிஃபண்ட் உதவி நிதி. வீட்டுச் செலவுக்குச் சமூக சேவை அலுவலகம் வழியாக காம்கேர் நிதியுதவி. வீட்டில் சிக்கல் என்றால் குடும்ப சேவை நிலையம். ஒரே சமூகப் பணியாளரின் மேசையில் இத்தனை இழுப்பறைகள் இருக்கின்றன. அதே மேசைக்கு முன் ஓர் ஊழியர் வந்து உட்கார்ந்தால், அந்த இழுப்பறைகளில் பெரும்பாலானவை அவருக்குப் பூட்டியிருக்கும். சமூகப் பணியாளருக்கு மனம் இல்லாமல் இல்லை. அவர் கையில் மிஞ்சுவது தொலைபேசி எண்கள் அச்சடித்த ஒரு தாள்தான்.

அந்த எண்கள் கொண்டுசேர்க்கும் இடங்கள் நல்ல இடங்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் குறைந்த கட்டண மருத்துவம், பல் சிகிச்சை, ஆலோசனை மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது. நீங்கள் கேட்கும் ஒருங்கிணைப்புக்கு மிக அருகில் வருவது அதுதான். தொழிற்சங்கக் காங்கிரஸும் முதலாளிகள் சம்மேளனமும் 2009இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் நிலையம் சம்பளத் தகராறுகளிலும் தங்க இடமில்லாதபோதும் உதவுகிறது. டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் ‘கஃப் ரோடு’ திட்டத்தின் வழியாக வேலையிழந்த ஊழியர்களுக்கு இலவச உணவு கொடுக்கிறது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு ஹோம் அமைப்பின் தங்குமிடம் இருக்கிறது. ஆனால் காயத்துக்கான கோரிக்கை ஓர் இடம், சம்பள பாக்கிக்கு 2017இல் ஏற்பட்ட முத்தரப்புக் கூட்டணி இன்னோர் இடம் என்று, ஒரே கம்பெனியால் ஏற்பட்ட ஒரே சிக்கலே இரண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

உணவுக்கும் மருந்துக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட முடியாது. இழப்பீட்டு வழக்கு நடக்கும்போது பெர்மிட் ரத்தானால், ஊழியருக்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். நாட்டில் தங்கலாம், ஆனால் பொதுவாக வேலை செய்ய முடியாது. சோறும் இடமும் அப்போதும் முதலாளியின் கடமைதான். ஆனால் கம்பெனியோடு மனஸ்தாபமாகி, வலுக்கட்டாயமாக ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து விடுதியை விட்டு வெளியேறியவர்கள் பலர். அப்படி வந்த ஒருவர், நீரிழிவு உள்ளவர், தம் மாத்திரை உறையைக் காட்டி, “சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டுன்னு போட்டிருக்கு. சாப்பிடாத நாள்ல எத்தனை போடணும்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். மருந்தாளரின் பதில் ஒன்று, சமூகப் பணியாளரின் பதில் ஒன்று என்று அந்தக் கேள்வியைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

ஆகவே என் யோசனை எளிமையானது. பிசிபி திட்டத்தின் ஆறு வட்டாரங்களிலும் உள்ள மருத்துவ நிலையங்கள் ஒவ்வொன்றிலும் தமிழும் வங்காளமும் பேசத் தெரிந்த, முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஒரு சமூகப் பணியாளர் உட்கார வேண்டும். கடனா, சம்பள பாக்கியா, அடிபட்டதா, ஊரில் சாவா என்று மருத்துவர் சந்தேகப்படும் நோயாளி, எண் எழுதிய தாளோடு வெளியேறாமல் பக்கத்து அறைக்குப் போக வேண்டும். தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பினால் பலர் அழைப்பதே இல்லை. யார் எடுப்பார்களோ, கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். கூட நடந்துபோய் “இவர் இன்னார், விஷயம் இது” என்று ஒப்படைத்தால்தான் அந்த நூல் அறுவதில்லை. நேரமும் முக்கியம். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு எட்டுக்கு விடுதி திரும்புபவருக்கு ஒன்பது முதல் ஐந்து வரை திறந்திருக்கும் அலுவலகம் இருந்தும் இல்லாததே. அந்தப் பணியாளர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவு பத்து வரையும் இருக்க வேண்டும்; விடுப்பு வாரநாளில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லியாக வேண்டும். எல்லாத் துறையும் ஒரே கோப்பைப் பார்க்கலாம் என்று செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணினி ஆர்வலர்கள் நினைக்கிறார்கள். வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும் ஊரில் அது பாதகமாகவும் முடியலாம். காசநோய் என்றோ மனநல மாத்திரை என்றோ மருத்துவரிடம் சொன்னது கம்பெனிக்கும் எட்டும் என்று ஒரு விடுதியில் ஒரு முறை பேச்சு பரவினால் போதும், அடுத்த ஆறு மாதம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எந்தத் தகவல் யாருக்குப் போகலாம் என்பதை அவர் மொழியில் கேட்டு, அவர் சம்மதத்தைத் தனித்தனியாக வாங்கிய பிறகுதான் கோப்புகள் சேர வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்கள் விஷயத்தில் இதற்கு ஓர் இருமுக உதாரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு நடக்கும் கட்டாயப் பரிசோதனை கர்ப்பத்தையும் தொற்றுநோய்களையும் கண்டுபிடிக்கவே வந்தது. கர்ப்பம் தெரிந்தால் பொதுவாக வேலை போகும். அதனால் அந்த அறை அவர்களுக்குப் பயத்தின் அறை. 2021இல் அதே பரிசோதனையில் உடல் எடையைப் பதிவதும் சந்தேகத்துக்குரிய காயங்களைப் பார்ப்பதும் சேர்க்கப்பட்டன. ஒரே மேசை, ஒரே மருத்துவர். முன்பு அவளைக் கண்காணித்த பரிசோதனை இப்போது கொஞ்சம் அவளைப் பாதுகாக்கவும் செய்கிறது. எந்தப் பக்கம் கனம் கூடும் என்பது அந்த அறையில் யார் இருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இனி உங்கள் மாப்பிள்ளை விஷயம். திட்டங்கள் வரும்வரை அவர் முதுகு காத்திருக்காது. வலி எப்படித் தொடங்கியது என்று முதலில் நிதானமாகக் கேளுங்கள். “சும்மா வந்தது” என்று சொன்னாலும் இரண்டாம் முறை கேளுங்கள். வேலையில் அடிபட்டது என்றால், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அமைச்சிடம் இழப்பீடு கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் போகும் வழியும் உண்டு, ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சூப்பர்வைசர் இல்லாமல் போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள், முடியாவிட்டால் கைப்பேசியில் இருங்கள். விழுந்த தேதி, நேரம், இடம், தூக்கிய பொருள், பார்த்த ஆள் என்று ஐந்து வரிகளை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, அதை மருத்துவக் குறிப்பில் சேர்க்கும்படி பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை. அறந்தாங்கித் தம்பிக்கும் இரண்டாம் முறை அப்படித்தான் அந்த வரி ஏறியது.

மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அங்குள்ள சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்கலாம். நோயாளி கேட்டால்தான் பல நேரம் அந்தக் கதவு திறக்கிறது. எம்.சி. நாள்களுக்குச் சம்பளம் வந்ததா என்பதை மாதச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் இருக்கும் எல்லாச் சீட்டுகளையும் இன்றிரவே படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். விடுதி மாறும்போது முதலில் தொலைவது அந்த உறைதான்.